சைட் ஸ்டாண்டில் நிறுத்தி ஆயில் அளவு பார்க்காதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். 200 சிசி, ஒற்றை சிலிண்டர் பைக். சிஓஇ (இங்கே வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். போன மாதம் நண்பர்களோடு கேமரன் மலை போய்விட்டுத் திரும்பும்போது, ஆயர் குரோ ஓய்விடத்தில் சைட் ஸ்டாண்ட் போட்டு இறங்கியதும், எஞ்சினின் வலப்பக்கத்தில் இருக்கும் ஆயில் கண்ணாடியைப் பார்த்தேன். ஆயிலே தெரியவில்லை. பயந்துபோய் அங்கிருந்த பெட்ரோல் நிலையத்தில் ஒரு லிட்டர் கார் ஆயில் வாங்கி, கண்ணாடி நிறையும்வரை ஊற்றினோம். முக்கால் பாட்டில் போனது. பாகோ தாண்டியதும் பின்னால் நீலப் புகை வருகிறது என்று நண்பன் கை காட்டினான். யோங் பெங் வரும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது ஏர் பில்டர் பாக்ஸிலிருந்து ஆயில் சொட்டுகிறது. எஞ்சின் போய்விட்டதா? ஆயில் குடிக்கிற பைக்கை வாங்கி ஏமாந்துவிட்டேனா? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். அதற்கு எந்த ஆயிலைக் கையில் எடுத்துப் போகவேண்டும்?

பதில்: வணக்கம் தம்பி. எஞ்சின் போயிருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஆயில் கூடிப்போனதற்கான அறிகுறிகள். ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மேல்பகுதியில் கடகடவென்று உலோகச் சத்தம் வரும், இழுவை குறையும், கடைசியில் பிஸ்டன் இறுகி வண்டி அப்படியே நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் அது எதுவும் இல்லை. ஆனாலும் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள், பக்கத்துக் காப்பிக் கடைக்குக்கூட வேண்டாம். நான் பயப்படுவது எஞ்சினை நினைத்து அல்ல, பின் டயரை நினைத்து. ஏர் பில்டர் பாக்ஸிலிருந்து சொட்டும் ஆயில் டயரில் பட்டால், முதல் வளைவிலேயே உங்களைக் கீழே தள்ளிவிடும். பட்டறைக்கு டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அந்தச் செலவு வீண் அல்ல.

அடுத்து, ஆயில் குடிக்கிற பைக்கா என்ற கேள்வி. ஆயர் குரோவில் உங்கள் எஞ்சினில் ஆயில் குறையவே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம். பைக்கின் சைட் ஸ்டாண்ட் இடப்பக்கம் இருக்கிறது. ஸ்டாண்ட் போட்டதும் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, அடியில் இருக்கும் ஆயில் முழுவதும் அந்தப் பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. உங்கள் ஆயில் கண்ணாடி இருப்பதோ வலப்பக்கம். அளவு சரியாக இருக்கும் எஞ்சினிலும் அப்போது கண்ணாடி காலியாகத்தான் தெரியும். அது போதாது என்று, நிறுத்தியவுடனே பார்த்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஓடிவந்த எஞ்சினில் கணிசமான ஆயில் மேலே, வால்வுப் பகுதியிலும் கியர்களிலும் கிளட்ச் மூடிக்குள்ளும் இருக்கும். அது வடிந்து கீழே வர இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். இரண்டுமே அளவைக் குறைத்துக் காட்டும் தவறுகள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

அதன்பிறகு அதே சாய்ந்த நிலையில் கண்ணாடி நிறையும்வரை ஊற்றியிருக்கிறீர்கள். உங்கள் ரக எஞ்சினின் மொத்தக் கொள்ளளவே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். அதில் முக்கால் லிட்டர் கூடுதல் என்பது மிகப் பெரிய அளவு. ஆயில் மட்டம் அவ்வளவு உயர்ந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலுக்குள் மூழ்கி அடிக்க ஆரம்பிக்கும். ஆயில் நுரைத்துப் போகும். நுரைத்த ஆயிலைப் பம்பு சரியாகத் தள்ளாது. பிஸ்டன் கீழே வரும்போது அதன் அடியில் இருக்கும் காற்று ஒதுங்க இடமில்லாமல் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஆயிலையும் சேர்த்து ஏர் பில்டர் பாக்ஸுக்குள் தள்ளும். அங்கிருந்து எஞ்சினே அதை உறிஞ்சி எரித்ததுதான் பாகோ தாண்டியதும் உங்கள் நண்பர் பார்த்த நீலப் புகை. யோங் பெங்கில் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் போனது கிளட்ச் வழுக்கியதால். அதற்குக் கார் ஆயில் காரணம். அதைக் கீழே சொல்கிறேன்.

பட்டறையில் ஆயிலை வடிக்கும்போது ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கழிவுத் தட்டில் நேராக வடிக்காமல், அளவு கோடு போட்ட ஜாடியில் பிடிக்கட்டும். உங்கள் பைக்கின் கையேட்டில் ஆயில் மாற்றும்போது எவ்வளவு ஊற்றவேண்டும் என்று போட்டிருக்கும். 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜாடியில் 1.7, 1.8 லிட்டர் வந்தால் உங்கள் பைக் ஆயில் குடிக்கவே இல்லை, ஆயர் குரோவில் அளவு சரியாகவே இருந்தது என்று அர்த்தம். ஏர் பில்டர் பாக்ஸ் வழியாகக் கொஞ்சம் வெளியே போயிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாடியில் 1.2 லிட்டர் அளவே இருந்தால் அப்போது உண்மையிலேயே ஆயில் குறைந்திருந்தது, காரணம் தேடவேண்டும். வாங்கிய பைக்கைப் பற்றிய உங்கள் கவலைக்கு இந்த ஒரு ஜாடி பாதி பதில் சொல்லிவிடும்.

ஆயில் பில்டரையும், டிரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஏர் பில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பாக்ஸை உள்ளே துடைத்து, அதன் அடியில் இருக்கும் வடிகுழாயையும் காலி செய்யவேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும். பின் டயர், டிஸ்க், பிரேக் பேடு மூன்றையும் விளக்கு அடித்துப் பாருங்கள். பேடில் ஆயில் ஊறியிருந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல் புதிது போடுங்கள். கிளட்ச்சைப் பொறுத்தவரை அவசரப்பட்டுப் பிளேட்டை மாற்றவேண்டாம். சரியான பைக் ஆயில் ஊற்றி 300 கிலோமீட்டர் போல நிதானமாக ஓட்டிவிட்டு, இன்னொரு முறை ஆயிலை மாற்றுங்கள். பிளேட்டுகளில் ஊறியிருக்கும் கார் ஆயில் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். அதன் பிறகும் வழுக்கினால் பிளேட் கருகியிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, வழியில் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது?

ஓய்விடத்தில் கார் நிறுத்தும் பகுதி பெரும்பாலும் லேசாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் ஓடவேண்டும் அல்லவா. அதனால் பெட்ரோல் நிலையக் கூரைக்கு அடியிலோ வேறு எங்கேயோ சமமான தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மூன்று நிமிடம் ஓடிவிடும். இப்போது நண்பர் ஒருவர் வண்டியின் முன்பக்கம் நின்று இரண்டு ஹேண்டில்பாரையும் பிடித்து, வண்டியை நேராக நிமிர்த்தட்டும். நீங்கள் வலப்பக்கம் முழங்காலிட்டு, உங்கள் கண் அந்தக் கண்ணாடியின் உயரத்துக்கு வரும்படி குனியுங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் கோடு தப்பாகத் தெரியும். கைப்பேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணாடி பழையதாக இருந்தால் உள்ளே பழுப்புப் படிந்து, அதுவே ஆயில் மாதிரித் தெரியும். அப்போது நண்பரிடம் வண்டியை இரண்டு விரல் அளவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். ஆயில் மட்டம் கண்ணாடிக்குள் ஏறி இறங்கும். படிந்த கறை அசையாது. மட்டம் நிலைத்து நின்றதும் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். மேல் கோட்டில் நிற்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கீழ்க் கோட்டை நெருங்கினால் ஊற்றலாம். கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஊற்றாமல் கிளம்பவே கூடாது.

தனியாகப் போகிறவர்கள் வண்டிமேல் உட்கார்ந்து, இரண்டு காலாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியைக் கண்ணாடிக்கு எதிரே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். நன்றாகவே தெரியும். டபுள் ஸ்டாண்ட் உள்ள பைக் என்றால் இந்தச் சிரமமே இல்லை.

கண்ணாடிக்குப் பதிலாக டிப்ஸ்டிக் உள்ள பைக்குகளில் இன்னொரு குழப்பம் உண்டு. குச்சியைத் துடைத்து மறுபடி விடும்போது, மரையைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, திருகாமல் மேலே வைத்துப் பார்ப்பதா என்பது பைக்குக்குப் பைக் மாறும். பல ஹோண்டா பைக்குகளில் திருகாமல் வைத்துப் பார்க்கவேண்டும். மாற்றிச் செய்தால் அளவு தப்பிவிடும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். மூடியைத் திறக்குமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். எஸ்டேட் சாலை, மலைச் சாலை போய்வந்த வண்டியில் அந்த இடத்தில் மணல் ஒட்டியிருக்கும், திறந்ததும் உள்ளே விழும். மூடியின் ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். புனல் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. குழந்தைக்கு மருந்து அளந்து கொடுப்பது போல ஊற்றவேண்டும்: முதலில் 100 மில்லி. எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மூன்று நிமிடம் காத்திருந்து, நிமிர்த்திப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 100. கண்ணாடியில் எதுவுமே தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் முதல் தடவை 200 மில்லி ஊற்றிவிட்டு ஓடவிடுங்கள். நடுவுக்குச் சற்று மேலே வந்ததும் நிறுத்திவிடுங்கள். சிறிய பைக்குகளில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சில நூறு மில்லிதான் வித்தியாசம் என்பதை நினைவில் வைத்தால் கை தானாகக் கட்டுப்படும். சைலன்சர்மேல் சிந்தினால் புகையும், பயப்படவேண்டாம். டயரிலோ டிஸ்கிலோ சிந்தினால் முழுவதும் துடைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும்.

கூடிப்போய்விட்டால்? மேல் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய் ஒரு பட்டறையில் எடுத்துவிடலாம். கண்ணாடி முழுவதும் நிறைந்து மட்டமே தெரியாவிட்டால் அங்கேயே நின்று வெளியே எடுக்கவேண்டும். ஊற்றும் துளை வழியாக மெல்லிய ரப்பர் குழாய் மாட்டிய பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம். என் பயணப் பையில் ஒன்று எப்போதும் இருக்கும், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். எடுத்த ஆயிலைப் பாட்டிலில் மூடிக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றுவது சிங்கப்பூரில் குற்றம். மலேசியாவிலும் அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய ஆற்றுக்குத்தான் போகிறது.

இனி எந்த ஆயில் என்ற கேள்வி. காரில் ஆயிலின் வேலை எஞ்சினோடு முடிந்துவிடுகிறது. கியர் வைத்த பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்களைச் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது நல்லது, ஆனால் உராய்வை நம்பியே வேலை செய்யும் கிளட்ச் பிளேட்டுக்கு ஆகாது, வழுக்கும். கார் ஆயில்கள் அந்தப் பக்கம் போகப்போகப் பைக்குகளுக்குத் தனித் தரம் தேவைப்பட்டது. 1998இல் ஜப்பானில் ஜாசோ என்ற தரம் வந்தது. 2006இல் அதைத் திருத்தி எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். பாட்டிலின் பின்புறம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று சின்னக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும். முன்புறம் 4டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். ‘எம்பி’ என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, உங்களுக்கு வேண்டாம். 2டி என்று இருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எரிக்கும் ஆயில். மலேசியக் கடைகளில் இன்னும் அதே அலமாரியில் இருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

பெட்ரோல் நிலையத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது கார் ஆயில்தான். பெட்ரோனாஸ் நிலையத்தில் சின்டியம் கார் ஆயில், ஸ்பிரின்டா பைக் ஆயில். ஷெல்லில் ஹீலிக்ஸ் கார் ஆயில், அட்வான்ஸ் பைக் ஆயில். இந்த நான்கு பெயரையும் தெரிந்து வைத்துக்கொண்டால் அலமாரி முன்னால் நின்று குழம்பவேண்டாம். நிலையத்தில் இல்லையென்றால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி எந்தச் சின்ன ஊருக்குள் போனாலும் மோட்டார் சைக்கிள் பட்டறை இருக்கும். மலாயில் எஞ்சின் ஆயிலுக்கு மின்யாக் ஹித்தாம் என்பார்கள், அப்படிக் கேட்டு, பைக்கைக் காட்டினால் சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள்.

தடிமனைப் பற்றி ரொம்ப யோசிக்கவேண்டாம். 10டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. கேமரன் மலையில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கினாலும் அது எஞ்சினுக்குக் குளிரே இல்லை. நம் ஊர்களில் பின்னால் வரும் எண்தான் முக்கியம், அது சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. கையேட்டில் 40 என்றால் 40, 50 என்றால் 50. வழியில் அதே எண் கிடைக்காமல் 40 இருக்கும் எஞ்சினில் 200 மில்லி 50 சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. 20, 30 என்று இறங்கவேண்டாம். செயற்கை ஆயிலும் மினரல் ஆயிலும் கலந்தால் திரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது, அவை ஒன்றோடொன்று கலக்கும்படித்தான் செய்யப்படுகின்றன. வேறு கம்பெனி ஆயிலையும் சேர்க்கலாம். ஊர் திரும்பியதும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஒருமுறை மாற்றிவிடுங்கள், போதும்.

பைக் ஆயில் எங்கேயும் கிடைக்காத இடத்தில், அளவு கீழ்க் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் கார் ஆயில் ஊற்றலாமா? ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். ஆயில் பற்றாமல் ஓடினால் எஞ்சின் போகும், கார் ஆயிலால் அதிகபட்சம் கிளட்ச் பிளேட் போகும். அதனால் அன்று கார் ஆயில் வாங்கிய உங்கள் நண்பரைத் திட்டாதீர்கள், அவர் நினைத்தது தவறில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டிலின் பின்னால் ஏபிஐ என்று ஒரு வட்ட முத்திரை இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று எழுதியிருந்தால் அதை வைத்துவிடுங்கள், அதுதான் வழுக்கும் ரகம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்கள் பெரும்பாலும் அந்த ரகம். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றில் பெரும்பாலும் அந்த எழுத்து இருக்காது. கீழ்க் கோட்டைத் தாண்டும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அடுத்த ஊரில் மாற்றிவிடலாம்.

ஆயில் எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘விளக்கு எரியவில்லையே அண்ணே’ என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருபவர்கள் நிறைய. பெரும்பாலான பைக்குகளில் அந்த விளக்கு காட்டுவது ஆயில் அழுத்தத்தை, அளவை அல்ல. சில பைக்குகளில் அந்த விளக்கே கிடையாது. ஓடும்போது அது எரிந்தால் அடுத்த எக்சிட்வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்து, வண்டியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டு உதவிக்கு அழையுங்கள். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தும் சில விநாடிகளில் விளக்கு அணையாவிட்டால் வண்டி லாரியில்தான் ஊர் திரும்பவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், நெடுந்தூரப் பயணத்தில் ஆயில் உண்மையாகவே குறையும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் 200 சிசி எஞ்சின் 7000, 8000 ஆர்பிஎம்மில் மணிக்கணக்கில் சுற்றுகிறது. சூட்டில் ஆயில் மெலிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே போய் எரிகிறது. கொஞ்சம் பிரீதர் வழியாகப் போகிறது. இது ஆரோக்கியமான எஞ்சினிலும் நடக்கும்.

இன்னொரு காரணம் சிங்கப்பூர் ஓட்டத்துக்கே உரியது. ஈசூனிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்று குறுகிய தூரமே ஓடும் பைக்கில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே அரிது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடும். கண்ணாடியில் பார்த்தால் அளவு சரியாக நிற்கும், ஆனால் நிற்பது முழுவதும் ஆயில் அல்ல. அதே பைக்கை உட்லண்ட்ஸ் தாண்டி நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் சூட்டில் அந்தப் பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும், மட்டம் சட்டென்று இறங்கும். எஞ்சின் குடித்துவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இதனால்தான், பழைய ஆயிலோடு நெடும்பயணம் கிளம்பாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்திய நாளும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் முன்பே மாற்றி, உள்ளூரிலேயே ஓட்டி, டிரெயின் போல்ட்டிலும் பில்டர் மூடியிலும் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஆயில் மாற்றியபின் வாஷர் சரியாக உட்காராமல் கசிவது நிறைய நடக்கிறது. அது இங்கே சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் தெரிந்தால் பத்து நிமிட வேலை, மலேசியாவில் தாப்பாவில் தெரிந்தால் ஒரு நாள் போய்விடும்.

உண்மையான தேய்மானத்தை அடையாளம் காண்பதும் கடினமில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகும்போது மட்டும் புகை வந்தால் வால்வு சீலைப் பாருங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங். ஆயில் காப்பிப் பால் நிறத்தில் இருந்தால் அது வேறு கதை, கூலண்ட் உள்ளே கலந்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். மூன்று வருடம் தாண்டிய பைக்குகள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்பதால் புகையைத் தள்ளிப்போடவும் முடியாது.

தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாவது முறை ஆயில் மாற்றியதும், பைக்கை நிமிர்த்திக் கண்ணாடியைப் படம் எடுத்து வையுங்கள், மீட்டரில் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறு காலையும் அதே இடத்தில், அதே மாதிரி நிமிர்த்தி ஒரு படம். 1000 கிலோமீட்டர் ஆனதும், அளவுக் கோடு போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றி, முதல் படத்தில் இருந்த மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை மில்லி போனது என்று பாருங்கள். 100, 150 மில்லி என்றால் உங்கள் வயதுப் பைக்குக்கு நான் கவலைப்படமாட்டேன், கையில் ஒரு பாட்டிலோடு பினாங்கு போய்வரலாம். 400, 500 மில்லியைத் தொட்டால், ஒரு லிட்டர் சொச்சம் ஆயில் இருக்கும் எஞ்சினை ஒரு வழிக்கே 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட நான் சம்மதிக்கமாட்டேன். அந்தத் தைப்பூசத்துக்கு நண்பர் ஒருவரின் பின்னால் உட்கார்ந்து போங்கள், அல்லது பஸ் பிடியுங்கள்.

கையில் எடுத்துப் போகவேண்டியது உங்கள் எஞ்சினில் இருக்கும் அதே ஆயில், ஒரு லிட்டர், சீல் உடைக்காத பாட்டில். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பாக்ஸில் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். அதோடு சின்னப் புனல், பழைய துணி, கையுறை ஒரு ஜோடி. குழுவாகப் போகும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் தேவையில்லை. 10டபிள்யூ-40 ஜாசோ எம்ஏ2 ஆயில் இரண்டு பாட்டில் இருந்தால் பெரும்பாலான பைக்குகளுக்கு அவசரத்துக்குப் போதும். ஸ்கூட்டர் ஓட்டும் நண்பருக்கும் அதையே ஊற்றலாம். அவருடைய எம்பி ஆயிலை மட்டும் உங்கள் பைக்கில் ஊற்றக்கூடாது. அளவு பார்ப்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்யவேண்டாம், இரண்டாவது முறை பெட்ரோல் போடும்போது ஒரு தடவை, இரவு தங்கும் இடத்தில் காலையில் கிளம்புமுன் ஒரு தடவை போதும். காலையில் ஆயில் முழுவதும் வடிந்து நிற்கும், கண்ணாடியும் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

ஜாடியில் வடித்த அளவையும், 1000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி போனது என்பதையும் எனக்கு எழுதுங்கள். சிஓஇ இன்னும் நான்கு வருடம் இருக்கும் பைக்குக்கு எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது கட்டுப்படியாகுமா என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சொல்லமுடியும்.